நோட்டீஸில் மட்டும் வந்த சவர்க்காரம்

எங்கள் முதலாளி இன்று காலை நல்லூரில் புதுச் சவர்க்காரத்தை அறிமுகப்படுத்தினார். குத்துவிளக்கும் மேளமும் இருந்தன. சவர்க்காரம்தான் இல்லை.

அதைக் கட்டியாக்கும் காஸ்டிக் சோடா பொருளாதாரத் தடையால் வராது என்று போன மாதமே சொன்னேன். சாம்பல் நீரில் தேங்காயெண்ணெய் காய்ச்சி ஒரு தகரப் பேணி நிறையச் செய்தும் காட்டினேன். களி மாதிரித்தான் இருக்கும், ஆனால் நன்றாக நுரைக்கும்.

"உது சவர்க்காரமோ தம்பி? வெள்ளைக் கட்டி எண்டு நோட்டீஸ் அடிச்சாச்சு, நாளும் வைச்சாச்சு," என்றார் முதலாளி.

இன்று வந்த ஒரு அக்கா வெறும் அலுமாரியைப் பார்த்தார். "பிள்ளையளின்ரை உடுப்புத் தோய்க்கோணும். எப்ப வரும்?"

"பொறுங்கோ பிள்ளை, லொறி வரும்," என்றார் முதலாளி.

"அதுவரைக்கும் உந்த நோட்டீஸாலை தேய்க்கிறதோ?"

என் பேணியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வேலையையும் விட்டுவிட்டேன்.

நாள் குறித்துக் கொடுத்த சாத்திரியாரிடம் லொறிக்கும் ஒரு நாள் கேட்டிருக்கலாம். உங்கள் முதலாளிமார் எப்படி?