ஏழு கட்டைகளும் ஒரு காதும்

ஏழாவது கட்டையைத் தூக்கி மேடைமேல் வைத்தபோதே மரக்கடைக்காரரின் முகம் சரியில்லை.

"அண்ணே, இதையும் வேணாம்னு சொன்னீங்கன்னா நான் காட்டுக்குப் போய்க் குடியேற வேண்டியதுதான்."

படகுத் தச்சர் இடுப்பில் செருகியிருந்த கொட்டாப்புளி என்கிற சின்ன மரச்சுத்தியலை எடுத்து, குனிந்து, வலது காதைக் கட்டைக்கு நெருக்கிவைத்து, மூன்று தட்டுத் தட்டினார். முப்பது வருடமாக அவர் மரம் எடுப்பது இப்படித்தான். நல்ல கட்டை கணீரென்று பதில் சொல்லும். உள்ளே வெடிப்பு இருந்தால் சளி பிடித்தவன் குரல் மாதிரி அடைத்துக்கொண்டு வரும். எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற ஆள் என்பதால் ஊரில் அவருக்குப் பெயரே கொட்டாப்புளி. கல்யாணமான மறுநாள் மாமனார் வீட்டு நாற்காலியைத் தட்டி, "இது தாங்காது" என்று சொன்னதை அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ஏழாவது கட்டையும் அடைத்துக்கொண்டுதான் பேசியது.

"வேணாம். உள்ள செத்திருக்கு."

"மூணு வாரமா எல்லாமே செத்துத்தான் கெடக்கு. நான் நடத்துறது கடையா, சுடுகாடா?"

தச்சர் தெருவில் இறங்கிப் படகுத்துறையைப் பார்த்து நடந்தார். மரம் வேண்டியிருந்தது அவருடைய அக்காவின் படகுச் சுக்கானுக்குப் பிடி செய்ய. ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்ப்பது அக்காவின் பிழைப்பு. சுக்கானின் தலையில் மாட்டி, கையால் பிடித்துத் திருப்புகிற நீளக் கட்டைதான் பிடி. பழைய பிடி கணுவில் பிளந்துவிட்டதால் அந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தாள். இரும்புக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது; ஒவ்வொரு அலையின் உதைப்பும் நேரே மணிக்கட்டுக்கு வந்தது. பிடி இடுப்பு உயரத்துக்கு வளைந்து வர வேண்டும்; அதற்காகப் பலகையில் வளைவு வெட்டிக் கொடுத்துவிட முடியாது. வெட்டுப்பட்ட நார் முதல் பெரிய அலையிலேயே முறியும். மரத்திலேயே வளைந்து வளர்ந்த கிளை வேண்டும், நார் வளைவோடு ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஏழு கிளைகளைத்தான் அவர் கழித்துவிட்டு வந்திருந்தார்.

ஏழுமே கெட்டதாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கெட்டது காதாக இருந்தால்? அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயதில் காது போனது. அதோடு பட்டறையும் போனது. இவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று. இடது காதை வைத்தும் தட்டிப் பார்த்திருந்தார். அதற்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நடு ஆற்றில், இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, பிடி அக்காவின் கையில் முறிவதை நினைத்தால் "சரி" என்ற வார்த்தை வாயில் வர மறுத்தது.

அக்கா மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் என்பதால் ஆள் இல்லை.

"மரம் கெடைச்சுதா?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்கா."

"மரம் தேடுறியா, மாப்பிள்ளை தேடுறியா?"

அவர் படகில் ஏறி அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தார். அவள் ஏதோ கேட்டாள். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டாள். பிறகு எழுந்து வந்து எதிரே நின்றாள்.

"எந்தக் காதுடா கேக்கல?"

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. "வலது. ஒரு மாசமா. அப்பாவுக்கு வந்த மாதிரியே."

"உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத் தெரியாது."

"அவளுக்கா தெரியாது? நீ டிவி வைக்கிற சத்தத்துல நானே இங்கேருந்து நியூஸ் கேக்குறேன். எழுந்திரு."

சுகாதார நிலையத்து நர்ஸ் விளக்கை அடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, காதைச் சொறிய என்ன வச்சிருக்கீங்க?"

அவர் கை தானாகக் காதோரத்துப் பென்சிலுக்குப் போனது. அளவெடுக்க ஒரு முனை, சொறிய மறுமுனை. முப்பது வருடப் பழக்கம்.

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சியடித்தாள். மூன்றாவது தடவை, அரை இலந்தைக்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. அழுக்கும் மரத்தூளும் இறுகிப்போன கட்டி.

"உள்ளயே ஒரு பட்டறை வச்சிருக்கீங்க," என்றாள் நர்ஸ். "காது நல்லாத்தான் இருக்கு."

சட்டென்று உலகம் சத்தமாகிவிட்டது. மின்விசிறி, வெளியே ஒரு குழந்தையின் அழுகை, பக்கத்தில் அக்காவின் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது. உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒரு தட்டுத் தட்டிக் கேட்டுவிட்டு எழுந்தார்.

நேரே மரக்கடை. ஏழு கட்டைகளையும் மறுபடி இறக்கச் சொன்னார். கடைக்காரர் அவர் முகத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறக்கினார். இரண்டு உண்மையிலேயே செத்தவை. ஐந்து கணீரென்று பேசின. மூன்றாவதன் வளைவு, சுக்கான் தலையிலிருந்து அக்காவின் இடுப்புவரை வைத்து அளந்ததுபோல இருந்தது. நாரும் அதோடு ஓடியது.

"இதுதான். சரி."

கடைக்காரர் அவருடைய வலப்பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டு, கட்டையை அடுக்குகிற சாக்கில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். "மூணு வாரமா உயிரை எடுத்தான், கிறுக்குப் பய."

மூன்று வாரமாக அந்தப் பக்கம் நின்று இன்னும் என்னென்ன சொன்னாரோ.

"கேட்டுச்சு," என்றார் தச்சர். அவ்வளவு சந்தோஷமாக யாரும் திட்டு வாங்கிக் கடைக்காரர் பார்த்ததில்லை.