ஒற்றை ஓட்டில் மூடிய பள்ளி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டோலன் ஊர்க்காரர்கள் யார் முகத்துக்கு நேரேயும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். "யோசிக்க வேண்டிய விஷயந்தான்" என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு இன்னொரு வாய் காபி குடித்தார்களானால் அந்தக் காரியம் அத்தோடு ஊற்றி மூடியது என்று பொருள். உள்ளூரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பள்ளி வரி வாக்கெடுப்பு வந்த வருஷம் ஜோடி என்கிற உள்ளூர்ப் பெண்ணுக்கு இது மறந்துபோனது. ஆசை கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா?

அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் லவான் குச்செராவில்தான் தொடங்க வேண்டும். அந்தப் பள்ளியிலேயே படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் கால்பந்து மைதானத்தில் மைலோவைப் பார்த்து, அந்தக் கோடையிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளை பெற்று வளர்த்தபின் அதே பள்ளிச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். தலை நரைத்துத்தான் வெளியே வந்தாள். ஊரில் அறுபது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு காலத்தில் அவள் கையால் சாப்பிட்டவர்கள். குச்செரா என்பதைச் சுருக்கி அவர்களுக்கு இன்றைக்கும் அவள் 'மிஸஸ் கே'தான்.

அவள் காலத்தில் வியாழக்கிழமை என்றால் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். காரமான இறைச்சிக் குழம்போடு சர்க்கரை பூசிய ரொட்டிச் சுருளா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும், அவர்களுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான். ரோலைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்றவனுக்குத்தான் அந்த ருசி தெரியும். காலை இரண்டாவது வகுப்பு நடக்கும்போதே பட்டை வாசனை படியேறி மாடிக்குப் போய்விடும். அதற்கப்புறம் கணக்கு வாத்தியார் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு பிள்ளைக்கும் காதில் ஏறாது. சுட்ட தட்டின் ஓரத்து ரோல் யாருக்குப் பிடிக்கும், நடு ரோல் யாருக்குப் பிடிக்கும் என்று லவானுக்குத் தெரியும். வீட்டில் அம்மா இல்லாத பிள்ளைக்குத் தட்டில் இரண்டு விழும். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். அவள் ஆயுளிலேயே நல்ல நாட்கள் அவைதான்.

அந்தப் பள்ளிக்குத்தான் முடிவு வந்தது. கூரை ஒழுகியது, கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் இருமியது, சுவரில் விரிசல். சொத்து வரியைக் கூட்ட ஊர் சம்மதித்தால் பழுது பார்க்கலாம். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை கிரேசனுக்குப் பஸ்ஸில் அனுப்ப வேண்டியதுதான். கிரேசன் என்றால் டோலன்காரர்களுக்கு வேப்பங்காய். மூன்று தலைமுறையாகக் கால்பந்தில் மோதிக்கொண்ட ஊர். அந்த ஊர்ச் சட்டையை நம் பிள்ளைகள் போடுவதா?

வரி வேண்டாம் என்று ஊரறியக் கத்தியவன் டுவேன் ஹாப்ட்மன். லவானோடு ஒரே வகுப்பில் படித்தவன், கல்யாணமே செய்துகொள்ளாத சோளக்காரன். நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது, கையில் காசு கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்து வேலியில் ஆளுயரப் பலகை நட்டான்: 'போதும் வரி!'

"நிலத்தை வச்சிருக்கிறவன்னா பணத்து மேல படுத்துத் தூங்குறான்னு நெனப்பு. சோளம் விக்கிற விலை தெரியுமா இவங்களுக்கு? மண்ணைத் தின்னுட்டா வரி கட்டுவேன்?" என்று தானியக் கிடங்கில் ஊர்க்காரர்கள் கூடிக் காபி குடிக்கும் மேஜையில் தினமும் முழங்குவான்.

"மெதுவாப் பேசுடா. நீ நாலாங்கிளாஸ் ரெண்டு தடவை படிச்சவன். நியாயமாப் பாத்தா நீ இன்னும் ஒரு பங்கு கூட கட்டணும்" என்பாள் லவான். மேஜையே சிரிக்கும்.

சிரிக்க வைத்தாளே தவிர வரியை நினைத்து அவளும்தான் பயந்தாள். மைலோ போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் தன் கையால் கட்டிய வீடும், பள்ளிக்கூடத்து ஓய்வூதியமும்தான் அவளுக்கு மிச்சம். வீட்டின் மதிப்பு கூடிவிட்டது என்று மாவட்ட அலுவலகம் ஏற்கெனவே வரியை ஏற்றியிருந்தது. இன்னும் ஏறினால் வீட்டை விற்றுவிட்டு ஒமாஹாவில் மகள் வீட்டு நிலவறையில் போய்க் குடியிருக்க வேண்டும். மகள் நல்லவள்தான். ஆனால் அந்தச் சமையலறையில் உப்பு டப்பாவைக்கூட லவானால் இடம் மாற்றி வைக்க முடியாது.

ஜோடி அவளைத் தேடி வந்தது ஏப்ரலில். ஜோடி இப்போது மருத்துவமனையில் நர்ஸ். பள்ளியைக் காப்பாற்றும் குழுவுக்கு அவள்தான் தலைவி. சின்ன வயதில் ஓரத்து ரோலுக்காக வரிசையில் முதல் ஆளாக நின்றவள்.

"மிஸஸ் கே, நீங்க ஒரு தடவை சில்லியும் ரோலும் செஞ்சு போடணும். ஊரையே ஸ்கூல் ஜிம்முக்குக் கூப்பிடுறோம். நாங்க பேசுறதை யாரும் கேக்க மாட்டாங்க. உங்க ரோல் பேசும்."

"எனக்கு முட்டி வலிக்குதும்மா."

"மாவு பிசைய நாலு ஆள் தரேன். நீங்க நின்னு திட்டினாப் போதும்."

லவானால் மறுக்க முடியவில்லை. மறுக்க மனமும் இல்லை. ஒரு நாளாவது அந்த அடுப்பின் முன் மறுபடி நிற்கலாமே!

ஊரே திரண்டது. விளையாட்டுக் கூடத்தில் நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றார்கள். டுவேன்கூட வந்தான். மூன்று தட்டு சாப்பிட்டான். தொப்பை விழுந்த கிழவர்கள் கூடைப்பந்து வளையத்தைக் காட்டி, எந்த வருஷம் எந்தப் பந்து உள்ளே விழுந்தது என்று சண்டை போட்டார்கள். ஜோடி மைக் பிடித்துக் கூரையைப் பற்றியும் கொதிகலனைப் பற்றியும் பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துச் சொன்னது: "யோசிக்க வேண்டிய விஷயந்தான்மா."

"ஜெயிச்சிட்டோம் மிஸஸ் கே! பாத்தீங்கல்ல கூட்டத்தை?" என்று ஜோடி லவானைக் கட்டிக்கொண்டாள்.

அதை லவானும் நம்பினாள். தவறு அங்கேதான் நடந்தது. இத்தனை பேர் தேர்வடம் பிடிக்கும்போது ஒருத்தி கையை விட்டால் தேர் நின்றுவிடுமா? வாக்கெடுப்பு நாளன்று திரைக்குள் நின்றபோது அவளுக்கு மைலோ சிரமப்பட்டு இழைத்த மாடிப்படிதான் கண்ணில் நின்றது. பள்ளி எப்படியும் பிழைத்துவிடும், என் வயிற்றெரிச்சலையாவது இந்தக் காகிதத்தில் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்து, 'வேண்டாம்' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

பள்ளி ஒரே ஓட்டில் தோற்றது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் ஒரே ஓட்டு.

அப்புறம் ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. 'வேண்டாம்' என்று போட்டவர் ஒருவரும் அகப்படவில்லை. மளிகைக் கடையிலும் சர்ச்சிலும் முடிவெட்டுகிற இடத்திலும், யாரைக் கேட்டாலும் ஆதரித்துத்தான் போட்டார்களாம். வாய்க் கணக்கைக் கூட்டினால் பள்ளி எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்திருக்க வேண்டும்.

லவானுக்குத் தூக்கம் போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜோடியின் கையைப் பிடித்துச் சொல்லியேவிட்டாள்: "நான் வேண்டாம்னு போட்டேன்மா."

ஜோடிக்குக் கண் கலங்கியது. "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! ஊர் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களே" என்று அணைத்துக்கொண்டாள். லவான் பாதிரியாரிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள். ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், பள்ளி போன துக்கத்தில் என்னவோ சொல்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஆறுதலுக்காக அவள் வீட்டு வாசலில் பூச்செடி வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பூச்செடியும் அவளுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

அடுத்த மே மாதம் பள்ளியைச் சாத்தினார்கள். பெஞ்சும் மேஜையும் அடுப்பும் வாகனம் நிறுத்துமிடத்தில் ஏலத்துக்கு வந்தன. ஏலக்காரன் குரல் கேட்காமல் இருக்க லவான் ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். மத்தியானம் டுவேன் வந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"உன் அடுப்பை கிரேசன்காரன் எடுத்துட்டுப் போறான்" என்றான்.

"போகட்டும்."

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நான் ஆதரிச்சுத்தான் போட்டேன். வருஷம் பூரா வெளியில கத்தினேன். உள்ள போனதும் கை கேக்கலை. எவன் நம்புறான்? பலகை நட்டவன்தானேங்கிறான்."

லவான் சிரிக்கவில்லை. "நான் வேண்டாம்னு போட்டேன்" என்றாள்.

டுவேன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவளை அவனுக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். அவன் கழுத்து சிவந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு உள்ள போய் இந்த வேலையா பண்ணின? வரி கட்ட முடியலைன்னா வாயைத் திறந்து எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்? அறிவு கெட்டவளே! நம்ம பள்ளிக்கூடம் லவான் அது! நம்ம பள்ளிக்கூடம்!"

அவன் குரல் தெருவரை கேட்டது. லவான் மடியில் கையைக் கோத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. ஒரு வருஷத்தில் அவள் சொன்னதை நம்பியவன் இவன் ஒருவன்தான். அவள் அழுவதைப் பார்த்து டுவேன் பதறிப்போய்ப் பேச்சை நிறுத்தினான்.

"திட்டுடா," என்றாள் லவான். "நிறுத்தாதே."