டிவி சூடான கதை

எண்பதுகள்ல எங்க அவனியாபுரம் வீட்டுக்கு டிவி வந்த புதுசு. ஞாயித்துக்கிழமை படம் பாதியில பொட்டுனு அணைஞ்சிரும். ஃபேன் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்.

உள்ரூம்ல இருந்து அப்பா சொல்வாரு: "டிவி சூடாயிருச்சு. ஆறட்டும். அதுவரைக்கும் படிங்க."

அம்புட்டையும் நம்புனோம்.

இன்னைக்கு அந்த டிவி மாட்டியிருந்த பழைய பிளக் பாயிண்டை மாத்த வந்த எலக்ட்ரீசியன், "அண்ணே, இதுக்கு சுவிட்சு உள்ரூம் கட்டிலுக்குப் பின்னாடில்ல இருக்கு. எவன்ணே இப்படி வச்சது?"ன்னாரு.

கட்டில்ல இருந்த அப்பா விட்டத்தைப் பாத்தாரு.

"நேரடியா லைன் குடுத்திரவாண்ணே?"

"வேணாம், சுவிட்சு அங்கயே இருக்கட்டும்"னேன். புதுப் பிளக்குல வைஃபை பெட்டியை மாட்டிட்டு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.

சாயங்காலம் எம்மக கேக்குறா, "தாத்தா, நெட் ஏன் போச்சு?"

"சூடாயிருச்சு தாயி. ஆறட்டும்."

உங்க வீட்டுலயும் டிவி சூடாச்சா? கட்டிலுக்குப் பின்னாடி பாத்துட்டு வந்து சொல்லுங்க.