மூன்று டிரம் தண்ணீர்

விடுதிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. அண்ணனும் தங்கையும் கூட்டு முதலாளிகள். இயந்திரத்தில் கடைசி அலசல் முடிந்து கண்ணாடி மாதிரி வரும் தண்ணீரைச் சாக்கடையில் விட, தங்கைக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை. ஒருவழியாக அதைப் பிடித்து அடுத்த துவையலுக்கு அனுப்ப ஒரு தொட்டி வைத்துவிட்டாள்.

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஒரு வாரம் பார்ப்பேன். ஒரே ஒரு துணி கெட்டாலும் தொட்டிய கழட்டிடுவேன்."

கோபம் தொட்டி மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் குடியிருந்த இடத்தில் எட்டு வீடுகளுக்கும் ஒரே குழாய். பின்பக்கம் துணி துவைக்க அம்மா மூன்று டிரம் வைத்திருந்தாள். மூன்றாவதில் அலசிய தண்ணீரை இரண்டாவதற்கும், இரண்டாவதை முதலாவதற்கும் மாற்றுவது பிள்ளைகள் வேலை. பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்கு 'டிரம்மு' என்றே பட்டப்பெயர். அவர் அதை மறக்கவில்லை. அவளுக்கு நினைவிருப்பதெல்லாம், ஒரே வாளியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பாதி வழியிலேயே கால் நனைந்து சிரித்த சாயங்காலங்கள்தான்.

ஆறாம் நாள், சலவை இயந்திரத்தை ஓட்டும் மிஷின்காரர் மூச்சிரைக்க அவளிடம் ஓடி வந்தார். "அம்மா, வெள்ளை விரிப்பெல்லாம் ரோஸாயிடுச்சு!"

அவள் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் ஈர விரிப்பைக் கையில் பிடித்து நின்றிருந்தார். போச்சு, தொட்டி போச்சு என்று நினைத்தாள்.

"இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?" என்று மிஷின்காரரைக் கேட்டார் அண்ணன்.

"புது மெரூன் துண்டு, சார்."

"மெரூனுக்கு அப்புறம் வெள்ளையா?" அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "வெள்ளை முதல்ல, அப்புறம் கலரு, கடைசியில கால் துடைக்கிற மிதியடி. அம்மா எத்தனை குட்டு குட்டியிருப்பாங்க! என் யூனிஃபார்ம் சட்டைய ரோஸாக்கினதும் நீதானே?"

"ஐயோ, அது உன் சிவப்பு பனியன் அண்ணா. நீயே டிரம்முல போட்டுட்டு என்னைய மாட்டிவிட்ட."

அண்ணன் கையிலிருந்த ரோஸ் விரிப்பைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"வருஷம் முழுக்க அந்த ரோஸ் சட்டையதான் போட்டுக்கிட்டு போனேன்" என்றார், குரல் தணிந்து.

"அப்ப... தொட்டிய கழட்டச் சொல்லவா?"

அவர் காதில் வாங்காதவர் போல, தொட்டியிலிருந்த ரோஸ் தண்ணீரை வெளியேற்றப் போன மிஷின்காரரைப் பார்த்து அதட்டினார்.

"நில்லுங்க! அதை ஏன் சாக்கடையில விடுறீங்க? அங்க மிதியடி குவிஞ்சு கிடக்கு, கண்ணு தெரியலையா?"