எறும்பு ஏறிய கோப்பு

அரசுப் பணியில் தட்டச்சராக இருந்த காலத்தில் நான் அடித்த ஆணைகளுக்குக் கணக்கே இல்லை. இடமாற்றம், விடுப்பு, சம்பள உயர்வு என்று எத்தனையோ பேருடைய சந்தோஷமும் வருத்தமும் என் விரல் வழியாகத்தான் தாளில் இறங்கின. அவற்றில் ஒன்றின் வாசகம்கூட இன்று நினைவில் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். நீலக் கார்பன் வைத்து இரண்டு படி எடுத்த, அரைப் பக்கம்கூட வராத தாள் அது. ‘தலைமை எழுத்தருக்கு வழங்கப்படும் காப்பியில் எவ்விதச் சர்க்கரையும் சேர்த்தல் கூடாது. அலுவலகத்தில் காப்பி தயாரிக்கும் பொறுப்பு இன்று முதல் தட்டச்சரைச் சாரும்.’ கீழே ஆபீசரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், யாருடைய காப்பியைப் பற்றி அந்த ஆணையோ அவரே சிவப்புப் பென்சிலில் போட்ட சுருக்கொப்பம்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்ப வேண்டும். அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. கீழே மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டைகள் ஏற்றி இறக்கும் மண்டி. அறுவடைக் காலத்தில் எங்கள் தாள்கள்மீதும் மெல்லிய செம்மண் தூசி படிந்துவிடும். ஆபீசரோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். ஆனால் அலுவலகத்தை நடத்தியவர் ஹெட் கிளார்க்தான். ஒல்லியான உருவம், காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். யார் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான். “எழுத்துல குடுங்க, பாக்கலாம்.” ஆபீசரே விடுமுறைக்கு முதல் நாள் சீக்கிரம் கிளம்பலாமா என்று தயங்கியபடி கேட்டால்கூட இதே பதில்தான்.

அவருடைய இன்னொரு ஆட்சி, பழைய கோப்புகள் வைத்திருந்த அறையில் நடந்தது. காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றரைக்கும் அங்கே மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து அவரே காப்பி போடுவார். நூற்றுக்கணக்கான கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் தீ எரிவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை. ஆறு பேருக்கும் ஆறு விதமாகக் காப்பி. ஆபீசருக்கு டிகாஷன் பேருக்கு இருந்தால் போதும், மற்றதெல்லாம் பால். சர்வேயருக்குப் பால் பேருக்கு. இன்னொரு கிளார்க், வயிற்று உப்புசத்துக்காகச் சட்டைப் பையிலேயே சுக்குப்பொடி பொட்டலம் வைத்திருப்பார். பனமலைப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் பியூன் ஐயாவுக்குச் சர்க்கரை ஆகாது, ஊரிலிருந்து கொண்டுவந்த வெல்லத்தைத்தான் தட்டிப் போட வேண்டும். நானோ ஆறின காப்பி குடிக்கிறவள். முதல் நாள் நான் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டச்சு செய்ததை ஹெட் கிளார்க் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, “ஏம்மா, ஆற வெச்சித்தான் குடிக்கணும்னா நான் எதுக்கு ஸ்டவ்வு பத்தவெச்சிக்கினு நிக்கிறேன்?” என்று கேட்டார். அதன் பிறகு என் காப்பியை எல்லாருக்கும் கடைசியாகக் கலந்து, ஒரு உடல் குறையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

அவருடைய காப்பிக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனும் சின்ன ஸ்பூன் இல்லை. “காப்பின்னா ஒதட்டுல ஒட்டணும்மா” என்பார். குடித்து முடித்த டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரல் கனத்துக்கு நிற்கும். அதையும் சுற்றிச் சுற்றி உறிஞ்சிவிடுவார்.

ஒரு நாள் மதியம் தபாலுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமீது சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து, விழுப்புரத்துக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினார்கள். இரண்டு நாள் கழித்து வந்தவர், “எனக்குச் சக்கரையாம்” என்றார், ரேஷனில் கூடுதலாக ஒதுக்கீடு கிடைத்தவரைப்போல. பதினொரு மணிக்கு வழக்கம்போல் ஸ்டவ் எரிந்தது. தன் டம்ளரில் மூன்று ஸ்பூன் போட்டுவிட்டு எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். “ஒண்ணு கொறச்சிட்டேன்.”

அந்த வாரமே விழுப்புரம் ஸ்டேஷனில் ஒரு அம்மாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். குட்டையான உருவம், கையில் காலி மஞ்சள்பை. அதே ரயிலில் வரும் ஹெட் கிளார்க் அடுத்த பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் என்னிடம் பேசினார்.

“நீதானம்மா டைப்பு அடிக்கிற பொண்ணு? நான் அவரு வூட்டுல. கால்ல ஒரு புண்ணு வந்து மூணு வாரமா ஆறாம கெடக்குது, ஷூ போட்டு மறைச்சிக்கினு வர்றாரு. எங்க மாமனாருக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சிது. மொதல்ல வெரலு, அப்பறம் முட்டி வரைக்கும் எடுத்துட்டாங்க. வூட்டுல நான் சக்கர டப்பாவ ஒளிச்சி வெச்சிட்டேன். ஆபீசுல நான் இன்னா பண்ண முடியும், சொல்லு?”

ரயில் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. வாயால் சொன்னால் அவர் கேட்க மாட்டார். எழுத்தில் கொடுத்தால்? ஆபீசர் முதலில் பயந்தார். “ஹெட் கிளார்க்குக்கு நான் ஆர்டர் போடறதாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டார். காலில் இருக்கும் புண்ணைப் பற்றிச் சொன்னதும் பேனாவை எடுத்தார்.

ஆணையைக் கொண்டுபோய் ஹெட் கிளார்க்கின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, நான் விட்டிருந்த ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்தார். பிறகு சுருக்கொப்பமிட்டு, துளை போட்டு, கோப்பில் சேர்த்துவிட்டு எழுந்தார். முறைப்படி பொறுப்பு ஒப்படைப்பும் நடந்தது. ஃபில்டர் ஒன்று, ஸ்டவ் ஒன்று, அதில் ஒரு கால் ஆடும், டம்ளர் ஏழு, ஸ்பூன் இரண்டு. பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து நான்தான் காப்பி போட்டேன். ஹெட் கிளார்க் சர்க்கரை இல்லாத காப்பியை மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக் குடித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதல் வாரம் முகம் சுருங்கிக் கிடந்தது. மூன்றாவது வாரம் நிதானமாக ரசித்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். பழகிவிட்டது என்று நான் பூரித்துப்போனேன்.

ஆனால் தினமும் காலையில் ஸ்டேஷனில் கிடைத்த சேதி வேறாக இருந்தது. அந்தக் காலத்தில் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி எதுவும் வீடுகளில் கிடையாது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரில் சில சொட்டு விட்டுச் சூடு காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் மிக அதிகம். அவர் மனைவி தினமும் கணவரின் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வருவதுபோல் வந்து, என்னைத் தாண்டிப் போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்வார். “செங்கல்லு.” மறுநாளும் “செங்கல்லு”. ஒரு மாதம் போனது. ஒரு நாள் அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உண்மையச் சொல்லும்மா. பாவம்னு நெனச்சி நீ ஒரு ஸ்பூன் போட்டுடறியா?”

“சத்தியமா இல்லீங்கம்மா. வீட்டுல ஏதாவது...”

“நானா?” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரயிலுக்குக் காத்திருந்தோம்.

எங்கள் இருவருடைய மானத்தையும் காப்பாற்றியவை எறும்புகள். ஹெட் கிளார்க் மேசையிலிருந்து மேல் அலுவலகத்துக்குப் போன ஒரு முக்கியமான கோப்பு, போன வேகத்தில் திரும்பி வந்தது. உடன் ஒரு குறிப்பாணை. கோப்பைப் பிரித்தபோது அதனுள்ளிருந்து ஏராளமான எறும்புகள் வெளிவந்தன, மேலதிகாரியின் கையில் இரண்டு இடங்களில் கடித்தும் விட்டன, மூன்று நாட்களுக்குள் இதற்கு விளக்கம் தேவை. ஆபீசர் வேர்த்துக் கொட்டியபடி ஹெட் கிளார்க்கின் மேசைக்கு வந்தார். பியூன் ஐயா குனிந்து எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்தார். அது சுவரோரமாகப் போய், மேசைக் கால் ஏறி, கீழ் இழுப்பறைக்குள் போனது. இழுப்பறையில் பழைய தபால் பதிவேட்டுக்கு அடியில் ஒரு பவுடர் டப்பா. டப்பா நிறையக் கற்கண்டு.

ஹெட் கிளார்க் அசையவே இல்லை. கோப்பை எடுத்து ஆணை இருந்த பக்கத்தைப் பிரித்து ஆபீசரிடம் நீட்டினார்.

“காப்பியில சேர்க்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கிறீங்க. நான் காப்பியில சேர்க்கல. வாயில போட்டுக்கினு காப்பி குடிச்சேன்.”

ஆபீசர் உண்மையிலேயே ஆணையை வாங்கி இன்னொரு முறை படித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இருபத்திரண்டு வயதுப் பெண், அலுவலகத்தில் அதுவரை குரல் உயர்த்தியதே இல்லை. “அம்மா தெனமும் ஸ்டேஷன்ல வந்து அழுவாத கொறையா நிக்கிறாங்க சார். கால எடுத்துட்டாங்கன்னா எந்த ஆர்டரக் காட்டி திருப்பி வாங்குவீங்க?” என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சக்கர இல்லாம காப்பி குடிச்சிடலாம்மா. நீ போடற காப்பிய சக்கர இல்லாம குடிக்க முடியல.”

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஆபீசர் ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டை மூட்டைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். சர்வேயர் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். பியூன் ஐயாதான் கடைசியில் உடைத்துச் சொன்னார். “தப்பா நெனச்சிக்காதம்மா. நான் ஒரு மாசமா கீழ போய் டீ குடிச்சிக்கினு வர்றேன்.”

அன்று மாலையே திருத்திய ஆணை தயாரானது. காப்பி போடும் பொறுப்பு மீண்டும் ஹெட் கிளார்க்குக்கு. சர்க்கரை டப்பாவின் சாவி எனக்கு. ‘காப்பியிலோ, காப்பியுடனோ, காப்பிக்கு முன்போ பின்போ, எவ்வடிவத்திலும்’ என்று இம்முறை ஓட்டை எதுவும் விடாமல் அடித்தேன். வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் கையால் காப்பி. எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரை, சர்க்கரை இல்லாமல், கம்பீரமாக வாயருகே கொண்டுபோனார். ஒரு வாய் குடித்தார். நின்றார். இன்னொரு வாய் குடித்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். நாங்கள் பயந்துவிட்டோம்.

“முப்பது வருஷமா,” என்றார், “இதையா உங்களுக்கெல்லாம் குடுத்துக்கினு இருந்தேன்?”

நாலு ஸ்பூன் சர்க்கரை அத்தனை வருடங்களாக எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பொடியில் பாதி சிக்கரி. டிகாஷனை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இறக்கி முதல் டிகாஷனோடு கலந்துவிடுவார். ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாசம் பாலில் ஏறியிருந்தது. அடுத்த சில மாதங்கள் எங்கள் அலுவலகத்தில் வேறு எந்த வேலை நடந்தது என்று எனக்குத் தெரியாது. விழுப்புரத்தில் கடை கடையாக ஏறிக் கொட்டை வாங்கி, கண்ணெதிரே வறுத்து அரைக்கச் சொன்னார். எவர்சில்வர் ஃபில்டர் போய் பித்தளை வந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டுமா, கொதித்து அடங்க வேண்டுமா என்று ஒரு வாரம் ஆராய்ச்சி. ஒவ்வொரு நாளும் டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சிவப்புப் பென்சிலோடு எங்கள் முன் நிற்பார். “நல்லா இருக்குது சார்” என்றால் கோபம் வரும். “எது நல்லா இருக்குது? கசப்பா, மணமா? பிரிச்சிச் சொல்லு.”

ஸ்டேஷனில் சேதி மாறத் தொடங்கியது. ஒரு நாள் “மஞ்சா” என்றார் அந்த அம்மாள். அடுத்த மாதம் “பச்ச”. பிறகு ஒரு காலையில் தூரத்திலிருந்தே மஞ்சள்பையை ஆட்டிக்கொண்டு வந்தார். “நீலம்மா! தண்ணி மாதிரி நீலம்! புண்ணும் காஞ்சிடுச்சி.” பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எறும்புக்கான விளக்கத்தை ஹெட் கிளார்க்கே கெடுவுக்குள் ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தார். ‘மேற்படி எறும்புகள் கற்கண்டை நாடி வந்தவை, கற்கண்டு அகற்றப்பட்டுவிட்டது.’ மேலிருந்து அதற்குப் பதில் வரவில்லை.

எனக்கும் இப்போது சர்க்கரை இருக்கிறது. விரலில் ஊசி குத்தினால் சின்னக் கருவி எண்ணைக் காட்டிவிடுகிறது. எண்ணைப் பார்த்து யாரும் பிளாட்பாரத்தில் துள்ளுவதில்லை. சர்க்கரை இல்லாத காப்பியை நான் குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நல்ல காப்பி போட மட்டும் இன்றுவரை வரவில்லை.

ஹெட் கிளார்க் ஓய்வுபெற்ற சில மாதங்களுக்குப் பிறகு விழுப்புரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம்.

“ஆபீசுல ஊருக்கே காப்பி போட்டவரு,” என்றார் என்னிடம், “வூட்டுல ஒரு நாளு அடுப்பாண்ட வந்ததில்ல தெரியுமா? எனக்குக் கண்ணாலம் ஆயி இத்தினி வருசத்துல, இப்பத்தான் இந்த மனுசன் கையால குடிக்கிறேன்.”

அவர் மூன்று டம்ளர்களோடு வந்தார். அந்த அம்மாள் அவர் கண்ணெதிரிலேயே தன் காப்பியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினார். ஒரு வாய் குடித்தார். கணவர், கையெழுத்துக்குக் காத்திருப்பவரைப்போல் நின்றார்.

“சுமாரா இருக்குது” என்றார் அம்மாள்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“நல்லாத்தான் இருக்குது. ஒடனே சொல்லிட்டா போடறத நிறுத்திடுவாரு.”