தளபதிக்கு ஒரு கண்டக்டர்

தண்ணீர் சூடேற்றும் கருவி விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காலையில் ஹெட்செட்டை மாட்டினால் மாலையில் கழற்றும் வரை பாதிப் பேச்சு மன்னிப்பிலேயே போய்விடும். "மன்னிக்கணும் சார், ஆள் கிளம்பிட்டாரு." "மன்னிக்கணும் மேடம், இன்னிக்குக் கண்டிப்பா வந்துடுவாரு." தங்கள் வீட்டு வெந்நீரை இவளே குடத்தில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டதைப் போல ஊரே இவளிடம் எகிறும். பக்கத்து இருக்கைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் மன்னிப்பு மேடம். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாயே திறக்காத ஒரு பாத்திரத்தின் மேல் ஆசை வந்ததில் வியப்பொன்றும் இல்லை. வாராவாரம் அவள் படிக்கும் படக்கதையில் சாம்பல் தளபதி என்று ஒரு பெண் வருவாள். தோற்ற போரிலிருந்து தனியே திரும்பி, எரிந்துபோன கோட்டைக்குக் காவல் நிற்பவள். யார் வந்து என்ன கேட்டாலும் கையிலிருக்கும் கிழிந்த கொடியைத் தரையில் ஊன்றுவாள். பதில் அவ்வளவுதான். யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டாள்.

அந்தத் தளபதியாகத்தான் அவள் காஸ்ப்ளே செய்ய ஆரம்பித்தாள். கதையில் வரும் ஒருவரின் உடையையும் ஆயுதத்தையும் தானே செய்து அணிந்துகொண்டு, அதே பைத்தியம் பிடித்த மற்றவர்களோடு கூடுகிற பொழுதுபோக்கு அது. ஃபோம் அட்டையை வெட்டி, சூட்டுக் காற்றில் வளைத்து, பசை தடவி, மேலே இரும்பு நிறம் பூசினால், தட்டிப் பார்க்கும் வரை அது இரும்புதான்.

வீட்டில் இருந்ததோ இரண்டே அறை. தோள்கவசம் ஃப்ரிட்ஜின் மேல் காயும். இடுப்புப் பட்டை துணிக்கொடியில் தொங்கும். அவள் கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவர், ஒருநாள் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏங்க! ஏங்க! அது என் முழங்கால்!"

"உன் முழங்கால் நாற்காலில என்ன பண்ணுது?"

"காயுதுங்க."

அவர் எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். கோபமெல்லாம் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு பயம். தன் பஸ்ஸில் ஏறுகிறவன் எவனாவது இதைப் பார்த்துவிட்டால், மறுநாள் டிக்கெட் கொடுக்கும்போது பல்லைக் காட்டுவான். அதனால் அந்தக் கூட்டங்களின் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

அவளுக்கு இருந்த பயம் வேறு. போன வருடம் முதன்முறையாகப் போட்டி மேடைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசிப் படியில் நின்று அரங்கைப் பார்த்தாள். அத்தனை முகங்கள். கால் தானாகத் திரும்பிவிட்டது. கழிவறையில் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "கூட்டம் ஜாஸ்திங்க" என்று மட்டும் சொன்னாள். மேடையில் நடந்து, கொடியை ஊன்றி, திரும்பி வர வேண்டும். இந்த வருடம் அவள் கேட்டது அவ்வளவுதான். பரிசை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும்.

இந்த முறை கவசம் பெரிது, பையும் பெரிது. முதல் ஷிப்டு முடித்து வந்த கண்டக்டர் காக்கிச் சட்டையோடு பையைத் தூக்கிக்கொண்டார்.

"வாசல் வரைக்கும்தான். சொல்லிட்டேன்."

அரங்க வாசலில் அவருக்கு முன்னால் ஒரு ராட்சசத் தவளையும் இரண்டு விண்வெளி வீரர்களும் வரிசையில் நின்றார்கள். தவளை பையைப் பார்த்து, "அண்ணே, வெயிட்டா? ஒரு கை புடிக்கவா?" என்றது. "வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் அவர் உடைமாற்றும் அறை வரை போய்விட்டார்.

அங்கேதான் வினை. கவசம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கடைசியாகத் தலைக்கவசத்தை மாட்டினாள். பாதியிலேயே நின்றது. மறுபடியும் அழுத்தினாள். நிற்கிறது. என்னவென்று புரிந்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. மூக்குக் கண்ணாடி இடிக்கிறது.

சூட்டுக் காற்றில் வேலை செய்தால் மூக்குக் கண்ணாடி வியர்வை ஆவி படிந்து மங்கும் என்று ஆரம்பத்திலேயே கழற்றி வைத்துவிடுவாள். அவளுக்குக் கிட்டப்பார்வை. கையிலிருப்பது நன்றாகவே தெரியும், தூரத்தில் இருப்பதுதான் தெரியாது. முகத்தை நிலைக்கண்ணாடியில் ஒட்டிவைத்துத்தான் அளவு பார்ப்பாள். ஆக, மாதக்கணக்கில் தட்டித் தட்டிச் செய்த தலைக்கவசம் அவள் முகத்துக்கு அச்சு அசலாக இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட முகத்துக்கு அதில் இடமில்லை.

"ஓரத்துல கொஞ்சம் வெட்டிடலாமா?" என்றார் கண்டக்டர்.

தன் குழந்தையின் காதை வெட்டலாமா என்று கேட்டது போல அவரைப் பார்த்தாள்.

"அப்ப கண்ணாடி இல்லாம போ."

"மேடை எங்க முடியுதுன்னே தெரியாதுங்க. கீழ விழுந்தா?"

மேடைப் பொறுப்பிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அடுத்ததுக்கு அடுத்தது நீங்க. முடியலன்னா சொல்லுங்க, பேரை எடுத்துடறேன். துணைக்கு யாரும் மேல வரக் கூடாது, அது ரூல்."

மன்னிப்பு மேடத்தின் வாயில் "மன்னிக்கணும்" வந்து நின்றது. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"எடுக்காதம்மா. வருவாங்க." அந்தப் பெண் போனதும் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். "நான் மேடைக்குக் கீழ நிக்கறேன். ஒண்ணு அடிச்சா நில்லு. ரெண்டு அடிச்சா போ."

"திரும்பறதுக்கு?"

"நீளமா ஒண்ணு."

"நான் என்ன பஸ்ஸா?"

"இந்தத் தோளுக்கு மினி பஸ் மாதிரிதான் இருக்க."

"அத்தனை பேர் பாப்பாங்களே. உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் அவள் கண்ணாடியை வாங்கித் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முழங்கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டு அவர் இறங்கியதும், அவளுக்கு உலகம் வெளிச்சமான மூடுபனியாகிவிட்டது. முகங்கள் தெரியவில்லை. ஆனால் சத்தம் இருந்தது. கடல் போல இரைச்சல், நடுவில் தன் மூச்சு. கீழே எங்கிருந்தோ இரண்டு விசில். கால் நகரவில்லை. மறுபடியும் இரண்டு. அரங்கில் யாரோ சிரித்தார்கள். போன வருடத்துப் படி காலுக்கடியில் வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அப்போது அந்தக் குரல் கேட்டது. நெரிசலான பஸ்ஸில் கடைசி இருக்கை வரை எட்டும் குரல்.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க! உள்ள இடம் இருக்கு! வழியிலேயே நின்னா எப்படிம்மா? போலாம், ரைட்!"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. கவசத்துக்குள்ளே தளபதியும் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் ஓர் அடி விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டு விசில், இரண்டு விசில் என்று சத்தம் அவளோடு கீழே கூடவே நடந்து வந்தது. பிறகு, வெடுக்கென்று ஒன்று.

நின்றாள். கொடியை ஊன்றினாள்.

திரும்புவதற்கான விசில் வரவில்லை. அவளும் அசையவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது, இரைச்சலும் அடங்கியது. எரிந்த கோட்டைக்கு முன்னால் நிற்பவளைப் போல மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒரு மூலையில் கைதட்டல் கிளம்பி அரங்கம் முழுக்கப் பரவிய பிறகுதான், நீளமாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு, அந்த விசில் வந்தது.

பரிசு தவளைக்குப் போனது. நியாயமாகவும் போனது; அதன் நாக்கு நிஜமாகவே நீண்டு உள்ளே போகிறது.

வெளியே பஸ் நிறுத்தத்தில், பையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் கண்ணாடி போட்டிருந்தாள்.

"சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அது பத்தாது. நான் எதையுமே பாக்கலையே. படி ஏறினதுலேருந்து சொல்லுங்க."

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நிறுத்தங்களின் பெயரைத் தவிர வேறெதையும் அவர் கோர்வையாகச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னார். தோள்கவசத்தில் விளக்கு வெளிச்சம் பட்டது, கொடி காற்றே இல்லாமல் லேசாக ஆடியது, முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"நிஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது?"

"அப்புறம் ஏங்க திரும்பறதுக்கு அவ்வளவு நேரம் விசில் அடிக்கல? கையெல்லாம் மரத்துப்போச்சு."

அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"மறந்துட்டேன். வாயில விசில் இருக்கறதே மறந்துபோச்சு. உன்னையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்து பையைத் தூக்கினார். அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இது போகட்டும். இன்னொரு தடவை சொல்லுங்க."