றவூப் ஹாஜியாரின் தடையில்லாத இரத்தம்

"எங்கட குடும்பத்தில பிரஷர் எண்டு ஒரு சாமான் இல்ல. எங்கட ரத்தம் மகாவலி மாதிரி. தடையில்லாம ஓடும்."

கெலிஓயாவில் தண்ணீர்க் குழாய் விற்கும் றவூப் ஹாஜியார் இந்த அறிவித்தலை வெளியிட்டது, பள்ளிவாசல் முற்றத்தில் நடந்த இலவச மருத்துவ முகாமில். ஊரே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, அவர் மட்டும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் நின்ற பேக்கரி ஹுதைபா வாய் பிளந்து கேட்டார். குழாயைப் பற்றி ஹாஜியார் எது சொன்னாலும் ஊர் நம்பும். இரத்தமும் குழாய்ச் சமாசாரம்தானே என்று இதையும் நம்பிவிட்டது.

அந்தப் பேச்சில் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் குடும்பத்தில் எவருக்கும் பிரஷர் இருந்ததில்லை, ஏனென்றால் எவரும் அளந்து பார்த்ததில்லை. வாப்பா 'திடீரென்று' போனார். பெரியவாப்பா 'கண்ணூறு பட்டு' ஒரு பக்கம் விழுந்தார். உம்மாவின் கதையை மட்டும் ஹாஜியார் வாயிலெடுப்பதில்லை. அவரைப் பெற்ற அன்று உம்மாவுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அந்தி மங்கும் மஃரிபு நேரத்தில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவளை ஜின் அடித்துவிட்டது என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. விடியும்போது பிள்ளை இருந்தது, உம்மா இல்லை. ஜின் அடித்தவள் பெற்ற பிள்ளை என்று ஓதப் போன இடத்தில் பிடரியில் குட்டு வாங்கி வளர்ந்தவர், பெரியவரானதும் அந்த ஜின்னைக் காய்ச்சலாக மாற்றிவிட்டார். கல்யாணப் பேச்சுக்குக் காய்ச்சல்தான் தோது.

இப்பேர்ப்பட்ட பரம்பரையின் வாரிசைத்தான் மருமகள் நப்லா வயிற்றில் சுமந்தாள். ஏழாம் மாதத்தில் அவள் கால் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தபோது ஹாஜியார் பூரித்துப்போனார். "ஏண்ட பேரப்புள்ள கனமா ஈக்கிறான், அதான்!" விரலை விட்டு மோதிரம் இறங்க மறுத்தபோது, "பாருங்க, செழிப்பு!" என்றார். தலை இடிக்கிறது, கண்ணுக்குள் மின்மினி பறக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் கிளினிக்கில் காட்டினார்கள். அங்கே மிட்வைஃப் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார், வீட்டுக்குக்கூடப் போகவிடாமல் பேராதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

பிரஷர்.

செய்தி கேட்ட கணமே ஹாஜியார் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். விசாரணைக்கு அவசியமே இருக்கவில்லை. குற்றவாளி வார்ட் வாசலில், வாங்கில், சுடுதண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்: நப்லாவின் தாய், சம்பந்தி றம்லத்.

"கருவாடு," என்றார் ஹாஜியார், வந்த வேகத்தில். "உங்கட ஊட்டுல காலையில கருவாடு, பகலைக்குக் கருவாடு. கருவாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்!"

"வவுத்துல புள்ள வந்ததில இருந்து உப்பக் கொறச்சித்தான் ஆக்கிறன், ஹாஜியார்."

"அப்ப ரத்தத்தில ஈக்கிது. உங்கட உம்மாக்கும் பிரஷர்தானே?"

"அது அவங்களுக்குக் கெழட்டு வயசில..."

"ஆ! ஈக்கிதே!"

றம்லத் முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். பெற்ற மகளுக்குத் தானே நஞ்சு வைத்ததுபோல் கூனிக் குறுகினார். ஹாஜியாருக்கு அது போதவில்லை. மறுநாள் ஏழாம் மாத விருந்து, ஜமாஅத்தையே அழைத்திருக்கிறார். மருமகள் இல்லாத விருந்து ஊருக்கு என்ன சொல்லும்? ஆகவே நப்லாவைக் கூட்டிப்போய், ஓதிப் பார்த்து, விருந்தில் உட்காரவைத்து, பிறகு கொண்டுவந்து விடலாம் என்று தீர்மானித்தார். வாப்பா வாயைத் திறக்குமுன்பே "சரி வாப்பா" சொல்லும் மகன் ரிஸ்மி, நப்லாவின் கணவன், வேனையும் பிடித்துவிட்டான்.

"நீங்க ஒரு வார்த்தை செல்லுங்க. நப்லா எழும்பி வந்திடுவா. உங்கட பேச்சத்தானே கேப்பா," என்றார் ஹாஜியார் சம்பந்தியிடம்.

பழி சுமந்தவருக்கு மறுக்க நாக்கு ஏது? "கேட்டுப் பாக்கிறன்," என்று றம்லத் எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து வார்டுக்குள்ளிருந்து வந்தார் டொக்டர் முத்துலிங்கம், யாழ்ப்பாணத்து மனுசன்.

"கூட்டிக்கொண்டு போகப் போறியளோ? கையெழுத்து வச்சுப்போட்டுப் போகலாம், நான் மறிக்கேலாது. ஆனால் வழியில வலிப்பு வந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

"கருவாட்டால வந்தது டொக்டர். ரெண்டு நாள் எங்கட ஊட்டுச் சாப்பாடு திண்டா..."

"ஹாஜியார் என்ன யாவாரம்?"

"பைப்பு, பிட்டிங்."

"அப்ப சொல்லுறது லேசு. நச்சுக்கொடி தாயின்ர சாமான் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. இல்லை. அது பிள்ளையோட பிள்ளையா முளைக்கிறது. பாதி தாய் குடுத்தது, பாதி தகப்பன் குடுத்தது. அது கர்ப்பப்பைக்குள்ள வேர் விட்டு, தாயின்ர ஒடுக்கமான இரத்தக் குழாயளை அகலமாக்க வேணும். அரையங்குலப் பைப்பை ரெண்டங்குலம் ஆக்கிறமாதிரி. சில பேருக்கு அந்த வேலை அரைகுறையில நிண்டுபோகும். இரத்தம் காணாத கொடி சும்மா கிடக்காது. கண்ட கண்டதையும் தாயின்ர இரத்தத்தில விடும். உடம்பெல்லாம் குழாய் பழுதாகும். பிரஷர் ஏறும், சிறுநீரகம் ஒழுகும், தலை இடிக்கும், கடைசியில கைகால் இழுக்கும். ஏன் சில பேருக்கு மட்டும் எண்டு இன்னும் முழுசாத் தெரியாது. ஆனால் கருவாட்டில பழி போடேலாது."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"தகப்பன் பக்கத்தாலயும் வரலாம்," என்று டொக்டர் ரிஸ்மியைப் பார்த்தார். "தம்பி, உங்கட குடும்பத்தில பிள்ளை பெறேக்க ஆருக்காவது கைகால் இழுத்ததோ?"

ரிஸ்மி நெஞ்சை நிமிர்த்தினான். "எங்கட பக்கம் ஒண்டுமே இல்ல டொக்டர். வாப்பா செல்லுவாரு, எங்கட ரத்தம் மகாவலி மாதிரி எண்டு."

தான் செய்து விற்ற வசனத்தைத் தன் மகன் வாயாலேயே கேட்டபோது ஹாஜியாரின் காது மடல் சுட்டது. றம்லத் வார்ட் கதவைத் தள்ளிவிட்டார். கதவிடுக்கில் கட்டில் தெரிந்தது, கட்டிலில் நப்லா. வீக்கத்தில் கண்கள் கோடாகிவிட்ட முகம். தாயைக் கண்டதும் எழும்ப எத்தனித்தாள்.

உம்மாவுக்கும் வெட்டி வெட்டி இழுத்தது என்றுதானே சொன்னார்கள்? பீலியடியில் ஒரு ஜின்னும் இருந்திருக்காதோ? பாவம், ஐம்பது வருடமாக அதையும் வீண்பழிக்கு ஆளாக்கி, உம்மாவையும் காய்ச்சலுக்குள் போட்டு மூடி, இப்போது சும்மா இருந்த ஒரு பெண்பிள்ளையின் கருவாட்டுச் சட்டியையும் கழுவில் ஏற்றியாயிற்று.

"சம்பந்தி," என்றார். "நில்லுங்க. கூப்பிட வேணாம்."

றம்லத் நின்றார். ஹாஜியார் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். சந்தை இரைச்சலில் விலை சொல்லிப் பழகிய அந்தக் குரல் பக்கத்து ஆளுக்கே எட்டாத அளவுக்கு இறங்கியிருந்தது.

"ஏண்ட உம்மா, டொக்டர். என்னப் பெத்த அண்டு கைகால் இழுத்துத்தான் மௌத்தானா."

"வாப்பா! காய்ச்சல் எண்டுதானே..."

"காய்ச்சல் இல்ல மகன். வேன அனுப்பிடு."

டொக்டர் தலையை ஆட்டினார். "இதால வந்ததெண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஆனால் சொன்னது நல்லது. நாங்கள் கவனமா இருப்பம்." உள்ளே போய்விட்டார்.

றம்லத் வாங்கில் மறுபடி உட்கார்ந்தார். சுடுதண்ணீர்ப் போத்தலை மடிக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னோர் ஆள் இருக்க இடம் விட்டார். திட்டியிருந்தால் ஹாஜியார் தாங்கியிருப்பார். அந்த இடத்தில் போய் உட்கார அவரால் முடியவில்லை. சுவரோரம் நின்றார்.

போன் அடித்தது. ஹுதைபாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"ஹாஜியார், ஆக்கிற ஆள் அரிசி ஊறப் போடவா எண்டு கேக்கிறாரு."

"வேணாம். விருந்து இல்ல. மருமவளுக்குப் பிரஷர், வார்ட்டுல ஈக்கிறா."

"அல்லாஹ்! பொண்ணு பக்கத்தாலயா வந்தீக்கிது?"

றம்லத், ஏற்கெனவே இறுகியிருந்த போத்தல் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றார் ஹாஜியார். "எங்கட பக்கத்தால."